அந்தப் போத்தலைத் தூக்கிப் போட்டுவிடாதே

லங்காப், பேராக், மலேசியா
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் பேசும்போது பின்னால் சின்னவன் கஞ்சி வேண்டாம் என்று கத்தியது கேட்டது. கத்துவதற்குத் தெம்பு வந்துவிட்டதே என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த பீனட் பட்டரைச் சாப்பிட்ட நாலு வயதுப் பிள்ளை ஐந்து நாள் வார்டில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த பீனட் பட்டர் கம்பெனி ஆள் பழக்கூடையோடு கொண்டுவந்த காகிதத்தில் நீயோ மாப்பிள்ளையோ கையெழுத்துப் போடவேண்டாம். ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) வவுச்சரையும் தொடவேண்டாம். நீ வாசித்துக் காட்டினாயே, "பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில், முழுமையான இறுதித் தீர்வாக" என்று. அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் அவர் ஜொகூர் பாருவில் உன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு அடுத்த மாதம் மூட்டு வலிக்கிறது, வயிறு சரியில்லை என்று நீ போய் நின்றால், அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சால்மொனெல்லா என்ற இந்தக் குடல் கிருமி வந்து போன சிலருக்குப் பிற்பாடு மூட்டு வீக்கம் வருவதுண்டு. நான் பயமுறுத்தவில்லை. பொறுத்திருந்து பார்க்கவேண்டிய காலத்தில் கணக்கை முடிக்கக்கூடாது என்கிறேன்.

இரண்டாவது, அந்த பீனட் பட்டர் போத்தல். "பேட்ச் எண் பார்த்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள், பணம் தருகிறோம்" என்று பேரங்காடியில் ஒட்டியிருக்கிறார்கள் என்றாய். பதினைந்து வெள்ளிக்காக அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. மிச்சமிருக்கும் கால் போத்தல்தான் உன் சாட்சி. மூடியைத் திறக்காதே, துடைக்காதே. பேட்ச் எண், காலாவதித் தேதி, இறக்குமதியாளர் பெயர் எல்லாம் தெரிகிறமாதிரிப் படம் எடு. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஐஸ்பெட்டியில் பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் வை. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கேட்டால் கொடு. கொடுக்கும்போது பேட்ச் எண்ணோடு ரசீது எழுதி வாங்கிக்கொள்.

"வேர்க்கடலையை வறுத்துத்தானே அரைக்கிறார்கள், கிருமி எப்படி இருக்கும்" என்று மாப்பிள்ளை கேட்டாராம். வறுத்த பிறகு தொழிற்சாலைக்குள் ஒழுகும் கூரையிலிருந்தோ எலி எச்சத்திலிருந்தோ வந்து சேரும். எண்ணெய்ப் பசையில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அந்தக் கொழுப்பே வயிற்று அமிலத்திலிருந்து கிருமியைக் காப்பாற்றிக் குடலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அமெரிக்காவில் 2008, 2009 வாக்கில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் சரக்கால் 714 பேர் நோயில் விழுந்தார்கள், 9 பேர் இறந்தார்கள். கிருமி இருப்பது தெரிந்தே அனுப்பினார்கள் என்று வழக்கில் தெரியவந்து, அதன் தலைவருக்கு 2015-ல் 28 ஆண்டுச் சிறை கொடுத்தார்கள். அந்த மாதிரி வழக்குகளில் பெரிய சாட்சி எது தெரியுமா? நோயாளியின் மலத்தில் வளர்ந்த கிருமியும் உணவில் கிடைத்த கிருமியும் மரபணுவில் ஒன்றே என்று சொல்லும் ஆய்வுக்கூட அறிக்கை. ஆகையால் ஆஸ்பத்திரியில் சின்னவனுக்கு எடுத்த மலப் பரிசோதனை முடிவின் நகலைக் கேட்டு வாங்கு. "வயிற்றுப்போக்கு" என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. கிருமியின் பெயர் காகிதத்தில் இருக்கவேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு காலத்தில் காகிதத்தில் எழுதாமல் விட்டவன்.

நீ கைக்குழந்தையாக இருந்த சமயம். நான் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர், அதாவது மருந்து கொடுக்கும் உதவியாளர். ஒரு சம்பள நாளுக்கு மறுநாள் காலை, காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராமல் ஏழு பேர் என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் வாந்தி, பேதி. எல்லாரும் முதல்நாள் ராத்திரி கடையில் வாங்கிய ஒரே மாதிரி சாடின் மீன் டின்னைத் திறந்து சாப்பிட்டவர்கள். ஒரு டின் உப்பியிருந்ததாக ஓர் அக்கா சொன்னார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா, ரொம்ப நல்ல மனுஷி. அவருக்குத்தான் அதிகம், மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை, மூன்று வாரச் சம்பளமும் போனது. நான் மருந்து கொடுத்தேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆனால் ஆபீஸிலிருந்து ஆள் வந்து "சாடின் என்று எழுதவேண்டாம் டிரெசர், கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னபோது, நான் புத்தகத்தில் "வயிற்றுப்போக்கு, 7 பேர்" என்று மட்டும் எழுதினேன். டின்கள் குப்பைக்குழிக்குப் போயின. அந்த அக்காவுக்கு ஒரு மூட்டை அரிசியும் இரண்டு டின் பாலும் கொடுத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், "வைக்கலாமா தம்பி" என்று. நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை நினைக்காமல் எனக்கு ஒரு சாடின் டின் திறக்க முடியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில்தான் 1988 அக்டோபர் வந்தது. இங்கே நம் பேராக்கில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாச் சமயத்தில் எலிவால் மீ என்ற அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்ட சீனப் பிள்ளைகள் 13 பேர் இறந்துபோனார்கள். ஈரல் கெட்டு, மூளை மயங்கி இறந்தார்கள். கம்பாரில் ஒரு தொழிற்சாலையில் செய்த மீ. அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் போரிக் அமிலமும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எந்தப் பிள்ளை எதை எங்கே சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியதால்தான் அந்தத் தொழிற்சாலை வரைக்கும் போக முடிந்தது. அதே வருஷம் வந்த தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, உணவு நச்சு என்று சந்தேகப்பட்டாலே டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். உன் டாக்டர் சொன்னாரா என்று கேள்.

இனிச் சட்டம். தெலுக் இந்தானில் வக்கீல் ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்த என் கூட்டாளியிடம் நேற்று முழுக்க உட்கார்ந்து கேட்டேன்.

நீ சொன்னாய், "சுகாதார அமைச்சே நடவடிக்கை எடுக்கும்பா, நாம் எதற்கு" என்று. அது வேறு, இது வேறு. உணவுச் சட்டம் 1983-ன்படி உடம்புக்குக் கேடான உணவை விற்றால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. சின்னவனின் ஆஸ்பத்திரிச் செலவும், நீ சம்பளமில்லாமல் லீவு போட்ட நாட்களும், பிள்ளை பட்ட வேதனையும் நீயாகக் கேட்டால்தான் கணக்கில் வரும்.

முன்பெல்லாம் கேட்பது கஷ்டம். 1928-ல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்ணுக்கு அவள் சிநேகிதி இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தாள். கறுப்புப் போத்தல், உள்ளே அழுகிய நத்தை இருந்தது என்று அவள் சொன்னாள். காசு கொடுத்தது சிநேகிதி என்பதால் இவளுக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தமே கிடையாது. அவள் விடாமல் வழக்காடி, 1932-ல் லண்டனில் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, போத்தலை அடைத்தவன் அதைக் கடைசியில் குடிப்பவருக்கும் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் வந்தன. ஆனால் அதிலும் தயாரித்தவரின் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்கவேண்டும்.

நம்முடைய பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 வந்தபிறகு அந்தப் பாரம் குறைந்திருக்கிறது. பொருளில் குறை இருந்தது, அதனால் பிள்ளைக்குக் கேடு வந்தது என்று காட்டினால் போதும். தொழிற்சாலைக்குள் யார் என்ன தவறு செய்தார் என்று நீ தேடிப்போக வேண்டியதில்லை. தயாரித்தவர் கடல்தாண்டி இருக்கிறாரே என்று மலைக்கவும் வேண்டாம். இங்கே இறக்குமதி செய்தவரும் பொறுப்பு. யார் இறக்குமதி செய்தார் என்று கேட்டும் கடைக்காரர் நியாயமான காலத்துக்குள் சொல்லவில்லையென்றால் பொறுப்பு அவர் தலையிலும் விழும். அதனால் கடைக்கு இன்றே கடிதம் எழுதிக் கேள்.

ஒன்றில் ஏமாந்துவிடாதே. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போ, ஐந்து வெள்ளிதான் கட்டணம், வக்கீலே வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம் என்பது சரிதான். ஆனால் உடல் காயம், மரணம் சம்பந்தமான கோரிக்கையை அங்கே எடுக்கமாட்டார்கள். போத்தல் காசுக்கு வேண்டுமானால் அங்கே போகலாம். பிள்ளை நோய்க்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதன் வரம்பு ஒரு லட்சம் வெள்ளி. அதற்கு மேல் என்றால் செஷன்ஸ் நீதிமன்றம். பெரியவர்களுக்குப் பொதுவாக ஆறு வருஷக் கெடு, ஆனாலும் கெடு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதே, சாட்சி அதுவரை நிற்காது. சின்னவன் சார்பில் நீயோ மாப்பிள்ளையோதான் வழக்குப் போடவேண்டும். சிறு பிள்ளையின் வழக்கைச் சமரசமாக முடிக்கவே நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவ்வளவு பெரிய விஷயத்தை உன் சாப்பாட்டு மேசையில் பேனா கொடுத்து முடிக்கப் பார்க்கிறார்கள், பார்.

அமெரிக்காவில் ஜெயித்தால்தான் வக்கீலுக்குப் பங்கு என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மைதான். 1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற உணவுக்கடைகளின் கிருமி கலந்த ஹாம்பர்கரால் நாலு பிள்ளைகள் இறந்த சமயம், மார்லர் என்ற வக்கீல் ஒரு சிறுமிக்காக 1 கோடியே 56 லட்சம் டாலர் வாங்கிக் கொடுத்தார். நம் நாட்டில் அந்த மாதிரிப் பங்கு பேசக்கூடாது, சட்டம் தடுக்கிறது. ஆகவே எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கு. சம்பளம் குறைவானவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, தகுதி பார்த்து உதவுவார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதலாம், அங்கே தமிழிலேயே பேசலாம்.

கோடிக்கணக்கில் வரும் என்று சொல்லமாட்டேன். சின்னவன் தேறிவிட்டான், முருகன் புண்ணியத்தில் தேறியே இருக்கட்டும். கிடைக்கும் தொகை வக்கீல் செலவுக்கே சரியாகப் போகலாம். அப்படியென்றாலும் அந்த வக்கீல் ஒரு கடிதமாவது அனுப்பட்டும். உன் மாடியிலேயே இன்னொரு பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு என்றாயே, அந்த மலாய்க்கார அக்காவையும் போய்ப் பார். அவர்களிடமும் இதே ஆள் இதே காகிதத்தோடு போயிருப்பார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை விடிய லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்குவேன், மாப்பிள்ளை காரோடு வந்தால் போதும், பசியாறிவிட்டே பேசுவோம். வார்டு பில், டிரெயின் டிக்கெட், மருந்துக் கடை ரசீது, நீ லீவு போட்ட கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. சின்னவன் எந்தத் தேதியில் எத்தனை தடவை பேதியானான், எப்போது காய்ச்சல் அடித்தது என்று ஞாபகம் இருக்கும்போதே இன்றைக்கே ஒரு நோட்டில் எழுது. அந்த ஆள் அதற்குள் மறுபடி வந்தால், அப்பா சனிக்கிழமை வருகிறார் என்று சொல்.

அம்மா மொச்சைக்கொட்டை கொடுத்தனுப்புகிறாள். போத்தல் மேல் தட்டில்தானே இருக்கிறது? ஒரு டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதி வை.

அன்புடன்,
அப்பா