மடிக்கணினிப் பற்றரிக்கு வொறன்ரி மறுக்கப்பட்டது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

மடிக்கணினியின் மொடல், தொடர் இலக்கம் எல்லாம் இத்துடன் உள்ள பற்றுச்சீட்டுப் பிரதியில் இருக்கின்றன. உங்கள் தயாரிப்பைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் இலக்கத்துக்கு எடுத்து, தமிழுக்கு 3 ஐ அழுத்தி, பாட்டுக் கேட்டபடி காத்து நின்று, கடைசியில் சிங்களத்தில் பேசத் தொடங்கும் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் முழுக் கதையையும் முதலில் இருந்து சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன். எழுத்தில் இருந்தால் அடுத்தவரும் வாசிக்கலாம். மறுபடியும் என்னிடம் "சேர், என்ன பிரச்சினை?" என்று கேட்க வேண்டிவராது.

பிரச்சினை இதுதான். 2025 ஜனவரியில் வாங்கியபோது 50 வாட்-மணி மின்சக்தி பிடித்த பற்றரி இப்போது 26 தான் பிடிக்கிறது. அதிலும் 30 வீதம் மீதி காட்டிக்கொண்டு இருக்கும்போதே திரை இருண்டு கணினி நின்றுவிடுகிறது. பற்றரிக்கு ஒரு வருட வொறன்ரி என்று உங்கள் அட்டையில் அச்சிட்டிருக்கிறது. அந்த வருடம் முடிவதற்குள் உங்களிடம் வந்தேன். மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டபடியால் வொறன்ரி இல்லை என்று உங்கள் வவுனியா சேவை நிலையம் கையை விரித்துவிட்டது.

லினக்ஸ் போட்டது உண்மை. ஒளிக்க என்ன இருக்கிறது? நான் ஒட்டுசுட்டானில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். வகுப்பில் இருப்பவை பழைய கணினிகள். விண்டோஸ் 10 க்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நிற்கும் என்று மைக்ரோசொப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், அந்தக் கணினிகளில் அது இல்லை. ஆகவே வருட நடுவில் எல்லாவற்றையும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸுக்கு மாற்றினேன். பிள்ளைகள் பாவிப்பதையே நானும் பாவித்தால்தான் படிப்பிக்கலாம். அதனால் என் மடிக்கணினியிலும் விண்டோஸ் 11 க்குப் பக்கத்தில் உபுண்டுவைப் போட்டேன். விண்டோஸை அழிக்கவில்லை. இதே மொடலை விண்டோஸ் இல்லாமல் உபுண்டுவுடன் நீங்களே விற்கிறீர்கள். உங்கள் இணையத்தளத்திலேயே கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எனக்குப் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்பின் கணக்கும் நான்தான் பார்க்கிறேன். கூட்டம் வாய்க்கால் கரையில் நடக்கும். அங்கே பிளக் பொயின்ற் கிடையாது. வீட்டிலும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இதே கணினியில் பின்னேரம் வரை பரீட்சைத் தாள் அடித்தேன். உங்கள் பொருள் நல்ல பொருள்தான் என்று ஊரில் நாலு பேருக்குச் சொன்னதும் நான்தான். அந்த நாலு பேருக்கும் இப்போது வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆகவே இரண்டு இயங்குதளங்களிலும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று முதலில் இருந்தே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு அட்டவணை, எழுத்து வேலை, இடைக்கிடை இணையம் என்று ஒரே மாதிரி வேலைக்கு விண்டோஸில் ஏறத்தாழ 8 வாட் இழுத்தது, 6 மணித்தியாலம் நின்றது. உபுண்டு போட்ட புதிதில் 12 வாட் இழுத்தது, 4 மணித்தியாலத்தில் முடிந்தது. ஏன் என்று தேடிப் பார்த்தேன். இரண்டாவது கிராபிக்ஸ் சில்லு வேலை இல்லாத நேரத்திலும் விழித்துக்கொண்டு இருந்தது. உலாவியில் வீடியோ ஓடும்போது அதை விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் செய்யாமல் புரொசசர் சுமந்தது. இரண்டையும் சரிசெய்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் டிஎல்பி என்ற இலவச மென்பொருளையும் போட்ட பிறகு 8 வாட்டுக்குக் கீழே இறங்கி, விண்டோஸை விடக் கொஞ்சம் கூடவே நின்றது. இயங்குதளம் மாறினால் நேரம் கூடும், குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. நான்தானே அளந்தேன்.

நான் கேட்பது கொள்ளளவைப் பற்றி. முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது பற்றரிக்குள் இருக்கும் சில்லு. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை தரும் பற்றரி அறிக்கையும், லினக்ஸில் யுபவர் என்ற கருவியும் அந்தச் சில்லைக் கேட்டுத்தான் எண்ணைச் சொல்கின்றன. ஒன்றில் 26 என்று வருகிறது, மற்றதிலும் 26 என்று வருகிறது. இரண்டுமே இல்லாமல், கணினி தொடங்கும்போதே ஓடும் பயோஸில் பார்த்தாலும் பற்றரியை மாற்றுங்கள் என்று உங்கள் கணினியே எழுதிக் காட்டுகிறது. மூன்றின் படங்களும் இணைத்துள்ளேன். சார்ஜ் ஏற்றும் வேலையைக் கவனிப்பது மதர்போட்டில் தனியாக இருக்கும் ஒரு கட்டுப்படுத்தி. கணினியை அணைத்துவிட்டுச் செருகினாலும் சார்ஜ் ஏறுகிறதே, அப்போது எந்த லினக்ஸ் ஓடுகிறது?

இந்தக் கேள்வியைத்தான் வவுனியாவில் கவுண்டரில் நின்ற பெடியனிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். கடை நிறைய ஆட்கள். அவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் சொன்ன பதில்: "அண்ணை, காட்டுக்குள்ள இருந்து வந்து எனக்குப் பற்றரி படிப்பிக்கிறியளோ? லினக்ஸ் எண்டுறது கள்ளச் சாமான். அதைப் போட்டா பற்றரி அடிச்சுப் போகும்."

ஐயா, இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். லினக்ஸ் யாரும் சட்டப்படி இலவசமாகப் பாவிக்கக்கூடியது, உலகத்துச் சேவர்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. உங்கள் கொம்பனிச் சேவர்கள் எதில் ஓடுகின்றன என்று அந்தத் தம்பி ஒருநாள் விசாரித்துப் பார்க்கட்டும். இதில் பகிடி என்னவென்றால், அதே மூச்சில் அவர் சொன்னது: "2500 தாங்கோ, உதை அழிச்சுப்போட்டு நானே விண்டோஸ் அடிச்சுத் தாறன், ஒபிஸும் சேர்த்து." அந்த ஒபிஸுக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "அது எல்லாரும் போடுறதுதானே" என்றார். கள்ளச் சாமான் யார் கையில் இருந்தது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

சரி, அவர் சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து உபுண்டுவை அழித்தேன். 5 ஜிபிக்கு மேல் உள்ள விண்டோஸ் கோப்பை டொங்கிளில் இறக்கி (அந்த டேற்றாக் காசை யார் தருவது?) புதிதாகப் போட்டேன். பற்றரி அறிக்கை மறுபடியும் 26. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? இப்போது லினக்ஸ் இல்லைத்தான், ஆனால் எங்கட சிஸ்டத்தில் ஏற்கெனவே லினக்ஸ் என்று பதிந்து கிடக்கிறது, ஒன்றும் செய்ய ஏலாது. அப்படியானால் அழிக்கச் சொன்னது எதற்கு?

போயா (பௌர்ணமி விடுமுறை) கதையையும் சொல்லத்தான் வேண்டும், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "உங்கள் பற்றரி வந்துவிட்டது, நாளை வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று உங்கள் இலக்கத்தில் இருந்து குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நாள் போயா. கலண்டரில் பார்த்துவிட்டு அன்றே போன் எடுத்துக் கேட்டேன். திறந்திருக்கும், வாருங்கள் என்றார்கள். விடிய முதல் பஸ்ஸில் ஏறி மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பஸ்ஸில் நின்றபடியே வவுனியாவுக்குப் போனால், கதவில் பூட்டு. போன் எடுத்தால் மீண்டும் பாட்டு. அன்றைய வகுப்பும் போயிற்று, கமக்காரர் கூட்டமும் போயிற்று. பேந்து ஒருநாள் போனபோது, அந்தச் செய்தி வேறு யாருக்கோ போக வேண்டியது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். மன்னிப்பு? அந்தச் சொல் உங்கள் நிலையத்தில் இருப்பில் இல்லைப்போலும்.

உங்கள் தொலைபேசி ஆள் ஒருவர் இன்னொரு காரணமும் கண்டுபிடித்தார். லினக்ஸில் மூடி வைத்தால் கணினி சரியாகத் தூங்காதாம், அதனால் சூடாகிப் பற்றரி பழுதாகிவிட்டதாம். லிதியம் பற்றரிக்குச் சூடு கூடாது என்பது சரி. ஆனால் கணினியைத் தூங்க விடாமல் ஆக்கியது யார்? உங்களுடைய பயோஸ் மேம்படுத்தல் ஒன்று விண்டோஸ் அப்டேற் வழியாக வந்தது. அதற்கு முன்பு எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கம் இருந்தது. வந்த பிறகு அது இல்லை. தூக்க நிலைகளைப் பட்டியலிடும்படி விண்டோஸிடம் கேட்டால், ஃபேர்ம்வேர், அதாவது பயோஸ், அதை ஆதரிக்கவில்லை என்று பதில் வருகிறது. மிஞ்சியிருப்பது எஸ்0 என்ற அரைத்தூக்கம். அதில் மூடியை மூடினாலும் கணினி பின்னணியில் முழித்து இணையத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். விண்டோஸில் மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, இறங்கிப் பையைத் திறந்தால் கணினி சோற்றுப் பானை மாதிரிக் கொதிக்கிறது. சூட்டினால்தான் பற்றரி போனது என்று நீங்கள் சொல்வதானால் அந்தச் சூடும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

நட்டத்தைக் கேட்கிறீர்களா? காலபோக உரத்துக்கான பெயர்ப் பட்டியலைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில், 30 வீதம் என்று காட்டியபடியே கணினி நின்று, சேமிக்காத பக்கங்கள் எல்லாம் போயின. திரும்ப அடித்துக் கொடுக்கப் பிந்திவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு போகமே நாசமாகப் போனதற்கு உங்கள் பற்றரிதான் காரணம் என்று நான் எங்கும் சொல்வேன். வகுப்புப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஊரில் எனக்கு இருந்த பெயரும் கெட்டுப்போயிற்று. இதற்கெல்லாம் பெறுமதி போட்டால் உங்கள் பற்றரியின் விலை எந்த மூலைக்கு?

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். தொழில்நுட்பப் பிரிவில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் இதை வாசித்து ஐந்து நிமிடத்தில் முடிவு எடுப்பார் என்று இன்னும் நம்புகிறேன். நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. பற்றரியை வொறன்ரியில் மாற்றித் தாருங்கள். நீங்கள் இழுத்தடிக்கும் காலத்தில் வருடம் முடிந்துவிட்டது என்று பிறகு சொல்லக் கூடாது, அதை இப்போதே எழுத்தில் தாருங்கள். எஸ்3 தூக்கத்தைத் திரும்பத் தரும் பயோஸ் ஒன்றை வெளியிடுங்கள். லினக்ஸ் போட்டால் வொறன்ரி இல்லை என்பது வொறன்ரி அட்டையின் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் காணவில்லை. அந்தக் கவுண்டர் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். காட்டுக்குள் இருந்து வருபவனின் காசும் அதே ரூபாய்தான் என்று யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். பற்றரி அறிக்கைகள், குறுஞ்செய்தி, போன் எடுத்த விபரங்கள் எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கின்றன. அதிகார சபையோடு நிற்கவும் மாட்டேன், தேவைப்பட்டால் வழக்குக்கும் போவேன். அந்த அளவுக்குக் கொண்டுபோக வைக்க மாட்டீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பதிலைத் தமிழில், தபாலில் அனுப்பவும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
ஒட்டுசுட்டான்.

இணைப்பு: பற்றுச்சீட்டு, வொறன்ரி அட்டை, விண்டோஸ் மற்றும் லினக்ஸ் பற்றரி அறிக்கைகள், பயோஸ் திரைப் படம், குறுஞ்செய்தியின் படம்.