இரவு முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

டர்பன், தென்னாப்பிரிக்கா

பேரன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிழைப்புக்காக டர்பன் வந்திருக்கும் நம்மவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் மாதந்தோறும் நடந்து வரும் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் ஓராண்டை நிறைவு செய்திருக்கிறது. அது நிலைபெறத் துணைநின்றவர்களுக்கு ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறோம்.

இந்நாட்டின் அரசு கிளினிக்குகளில் இப்பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. 2016 செப்டம்பர் முதல், தொற்று உறுதியானவர்கள் நோய் எதிர்ப்பு அணுக்கள் குறையும்வரை காத்திராமல் உடனடியாக மருந்தைத் தொடங்கவும் வழி இருக்கிறது. ஆனால், நள்ளிரவுவரை அடுப்படியில் நிற்கும் தோசை மாஸ்டருக்குக் காலையில் கிளினிக் வரிசையில் நிற்க விடுப்பு யார் தருவார்? விசா முதலாளியை நம்பி இருக்கையில், செய்தி அவர் காதுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. ஆக, குறை கருவியிலோ மருந்திலோ இல்லை. நேரத்திலும் மொழியிலும் அச்சத்திலும்தான் இருந்தது.

முதல் நன்றி கோயில் நிர்வாகக் குழுவினருக்கு. 1860 முதல் கப்பலேறி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களான அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது என்பதால் இம்மடலை அவர்களுக்கு ஆங்கிலத்திலும் தனியே அனுப்புகிறோம். கோயில் வளாகத்தில் இதுவா என்ற பேச்சு தொடக்கத்தில் எழாமல் இல்லை. டர்பன் அமைந்திருக்கும் குவாசூலு-நட்டால் இந்நோயால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாகாணம் என்று தெரிந்தும், நம்மவர்களுக்கு இது வராது என்று நம்புவோர் இங்கு இன்னும் உண்டு. அதையெல்லாம் தாண்டி மண்டபத்தையும், தனியே பேசுவதற்கு மணமகள் அறையையும் திறந்துவிட்டார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து ஒரே வரிசையாக வைக்கலாம் என்ற யோசனையும் அவர்களுடையதே. யார் எதற்காக வந்தார் என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாமல், எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது.

பணி முடிந்த களைப்போடு வந்த ஜூலு இனச் செவிலியர்களான சிஸ்டர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கல்லின் சூட்டில் காய்த்துப்போன சமையற்காரர் ஒருவரின் விரல் நுனியில் ஊசி குத்தியும் இரத்தம் வரவில்லை. சிஸ்டர் அவர் கையை வெந்நீரில் வைத்திருக்கச் செய்து, மெல்ல நீவி, அதன் பிறகே ஒரு துளி எடுத்தார். சோதனைப் பட்டையில் கோடு தெரியும்வரை கழியும் கால்மணி நேரம் எவருக்கும் நீளமானதுதான். அந்நேரம் முழுவதும் அருகிலிருந்து தமிழில் பேசிய ஆலோசகர்களை மறக்க இயலாது. மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, துணைக்கும் இது பரவுமா என்ற ஒரே கேள்வி. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால் உடலுறவின் வழியே அது துணைக்குப் பரவாது என்பதை, எத்தனை முறை கேட்டாலும் ஆலோசகர்கள் சலிக்காமல் விளக்கினார்கள். அண்மையில் தொற்றியது சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், ஐயம் உள்ளவர்களை மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னதும் அவர்களே.

சட்டம் தெரிந்த நண்பர்கள் இருவர் ஊதியமின்றி உதவினர். தொழிலாளர் நீதிமன்றத்தின் ஒப்புதலின்றி முதலாளி எவரும் பணியாளரை எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் கூறுவதை அவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே நகைப் பட்டறைத் தோழர்கள் பலர் வந்தனர். அகதிகளுக்கும் தஞ்சம் கோருவோருக்கும், அனுமதிச் சீட்டு இல்லாவிட்டாலும், இம்மருந்து இலவசம் என்ற 2007ஆம் ஆண்டுச் சுகாதாரத் துறை ஆணையின் படியையும் எடுத்துத் தந்தனர். கிளினிக் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட சிலருக்கு அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

நள்ளிரவுக்குப் பின் கார் ஓட்டிய இளைஞர்களுக்கும் நன்றி. விடுதி வாசலில் இறக்கினால் உடன் தங்கியிருப்போர் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு தெரு முன்னதாகவே இறக்கிவிடும் பக்குவம் அவர்களுக்கு நாங்கள் சொல்லாமலே இருந்தது.

தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று இவர்களுள் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் இம்மடலில் எவர் பெயரும் இல்லை. வரும் ஆண்டுக்கும் மண்டபத்தைத் தர நிர்வாகக் குழு இசைந்துள்ளது; சிஸ்டர்களும் வழக்கம்போல் வருகிறார்கள்.

நன்றியுடன்,
முகாம் ஏற்பாட்டுக் குழுவினர்