நாய்க்குட்டியைத் துரத்தவேண்டாம், கையைக் கழுவச் சொல்லுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நான்காம் வகுப்பில் சில பிள்ளைகள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார்கள். உடனே, பள்ளி வாசலில் படுத்திருக்கும் நாயை விரட்டச் சொல்லிச் சிலர் வந்து கேட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்த்த குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தேயிலைக் காட்டில் விட்டுவரும் பேச்சும் நடக்கிறதாம். சிறுத்தை நடமாடும் இடத்தில் அப்படி விடுவது பாவம் மட்டுமல்ல, அதனால் நோயும் போகாது.

நாய், பூனையிடமிருந்து வயிற்று நோய்க் கிருமி மனிதருக்கு வருமா? வரும். கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களும் விலங்கின் குடலில் இருந்து, அதன் கழிவு வழியாக நம் கைக்கும் வாய்க்கும் வந்து சேர்பவை. பெரிய நாயைவிடக் குட்டிகளிடம் கேம்பிலோபாக்டர் அதிகம். குட்டிக்குப் பேதி இருந்தால் கூடுதல் கவனம் தேவை, ஆனால் துள்ளி விளையாடும் குட்டியிடமும் அது இருக்கலாம். கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் வயிற்றுவலியும் காய்ச்சலும் தொடங்கும், சிலருக்கு மலத்தில் ரத்தமும் வரும். அதனால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, பழி நாய்மேல் விழுந்துவிடும்.

உண்மையில் இந்தக் கிருமி நம் வீட்டுக்குள் அதிகமாக நுழைவது ஞாயிற்றுக்கிழமைக் கோழியோடுதான். கறியைக் குழாயடியில் வைத்து வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் நீர் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் டம்ளர் மேலும் விழுகிறது. அதே கத்தியில் வெங்காயமும் நறுக்குகிறோம். அப்புறம் குடலையும் தோலையும் பச்சையாக நாய்க்குப் போடுகிறோம். நாய்க்குக் கிருமி கொடுத்ததே நாம்தான்! வேகவைத்துப் போட்டால் இந்த வழி அடைபடும். கூடையில் அடைக்கும் நாட்டுக்கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். முட்டை எடுக்கப் போகும் பிள்ளை கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக்கூடாது.

குளிரையும் சொல்லவேண்டும். கேம்பிலோபாக்டர் காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும், ஈரத்திலும் குளிரிலும் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் எதுதான் காய்கிறது? பிள்ளைகளோ குட்டியை ஸ்வெட்டருக்குள் நுழைத்துக்கொண்டு பள்ளி வரைக்கும் வருகிறார்கள். குழாய்த் தண்ணீர் ஐஸாக இருப்பதால் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டுச் சத்துணவுத் தட்டோடு வந்து உட்காருகிறார்கள். நானே நின்று பார்த்தேன். அதனால் திங்கள் முதல் சாப்பாட்டுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் வைக்கிறோம். வீட்டிலும் அடுப்பு எரியும்போது ஒரு சொம்பு சுடவைத்துக் கொடுங்கள். சானிடைசரை நம்பவேண்டாம், மண்ணும் அழுக்கும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது.

பிள்ளைக்குப் பேதி கண்டால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக்கோ பேதியை நிறுத்தும் மாத்திரையோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். ரத்தம் போனாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் குட்டி, கோழி இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயுள்ள பிள்ளையிடமிருந்து நாய்க்கும் கிருமி போகலாம் என்பதால், குணமாகும் வரை இருவரும் ஒரே கம்பளிக்குள் படுக்கவேண்டாம்.

பேதி நின்று இரண்டு நாள் ஆனபிறகு பள்ளிக்கு அனுப்பினால் போதும். வருகைப் பரிசு போய்விடுமே என்று அழும் பிள்ளைகளிடம், இந்த லீவைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வாசல் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, அது இங்கேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்