மடகாஸ்கர் நாட்டின் ஃபியனாரன்சுவாவில் அருட்சகோதரியாக இருக்கும் மகளுக்கு

தேவகோட்டை,
ஆடி முதல் வாரம்.

ஆண்டவரில் அன்பான மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ்! நானும் அம்மாவும் அப்பத்தாவும் நலமாக இருக்கிறோம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது கைத்தடி இல்லாமலே கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்கள். நீ நோட்டுத்தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்த கடிதத்தை நான் உரக்கப் படித்தேன்; இருவரும் கேட்டார்கள். பதிலைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டையும் உடம்பையும் விசாரித்து முடிப்பதற்குள் உன் அம்மாவின் தொண்டை அடைத்துவிடுகிறது. பேச நினைத்தது பேசப்படாமலே போகிறது. ஆகவே எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பள்ளியில் நீ மலகாசி மொழியில் வாய் திறந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றும், ஞாயிறு பூசை நீண்டுகொண்டே போகிறது, மறையுரையில் பாதி விளங்குவதில்லை என்றும், ஜூலை மாதத்தில் குளிர்காலம் வருகிற அந்த மலைநாட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டும் உறக்கம் பிடிப்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். இவற்றுக்கெல்லாம் நான் கலங்கவில்லை. "நான் இங்கே வந்ததால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை அப்பா" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்கிறேன். நான் வாழ்நாள் முழுவதும் தமிழ் கற்பித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 1710-ஆம் ஆண்டு. அவருடைய சதுரகராதி முடிந்தது 1732-இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் பாடம் கேட்டார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த அறிவாளி, இந்த மண்ணின் ஆசிரியர் ஒருவர் முன்னால் மாணவனாக உட்கார்ந்து, திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டுத்தான் தமிழுக்குள் நுழைந்திருக்க வேண்டும். மலகாசியில் வினைச்சொல் வாக்கியத்தின் தலையிலேயே வந்து நிற்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். வினையைக் கடைசிவரை காத்து வைத்திருந்து பேசும் நமக்கு அது தலைகீழாகத்தான் இருக்கும். பிள்ளைகள் சிரித்தால், எதற்காகச் சிரித்தீர்கள் என்று அவர்களையே கேள். சரியாக எப்படிச் சொல்வது என்று ஒரு சிறுமியைச் சொல்லச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல். ஆசிரியையாகப் போன உனக்கு மாணவியாக உட்காருவது கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சத்தைத் தாண்டினால்தான் அந்த ஊர் உனக்குத் திறக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓரியூரில் ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தர் இரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை நீ குழந்தையாக இருந்தபோது உன் நெற்றியில் பூசியிருக்கிறோம். அவருடைய வரலாறு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர், இங்கே வந்து இறைச்சியை விட்டு, துறவி உடை உடுத்து, தரையில் படுத்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் உயிரைக் கொடுத்தார். இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருவது வேறொன்று. அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவரைத் தடுத்து நிறுத்தும்படி அவருடைய தாய் திருத்தந்தையின் தூதர் வரை போய் முறையிட்டார். அந்தத் தாயின் மனத்தை, உன்னைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய இரவிலிருந்து நான் அறிவேன். பின்னர் திருச்சபைப் பணிக்காக அவர் போர்ச்சுகலுக்குப் போயிருந்த காலத்திலும், சொந்த நாட்டு விருந்துகளின் நடுவே, இங்கே பழகிய எளிய உணவையும் தரைப்படுக்கையையுமே கைக்கொண்டார் என்கிறார்கள். இந்த மண்ணின் சோறு உடம்போடு ஒன்றிப்போனவரால்தான் அது முடியும். கடைசி நாளில் சிறையில் இருந்தபடி, கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார். அவர் இந்த ஊருக்கு யாராக இருந்தாரோ, அதுவாக நீ அந்த ஊருக்கு இருக்கிறாய் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையும் அச்சமும் ஒன்றாக வருகின்றன.

நம் வட்டாரத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள் வேறு விதமாகவும் வாழ்ந்திருக்கிறார்கள். அதையும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்தார் என்ற செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்கப் போன காலத்தில், எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, ஏஜெண்டுக்கு அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டையாவும் அப்படியொரு செட்டியார் கடையில், வசூலுக்குப் போகும் கணக்கருக்குப் பை தூக்கும் ஆளாக ரங்கூனில் இருந்தவர். செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய மொகல் தெருக் கிட்டங்கியில் ஊரிலிருந்து போன சமையல்காரர், ஊர்ச் சாப்பாடு, ஊர்ப்பேச்சு, ஊர் வழக்கம், எல்லாம் இருந்தன என்று சொல்வார். நேர்மையாக உழைத்தவர்கள், கோயிலும் கல்விக்கூடமும் கட்டியவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1930-களில் நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பர்மிய விவசாயிக்கும் கிட்டங்கிக்கும் நடுவே கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு உறவு பெரும்பாலும் இருக்கவில்லை. போர் வந்த 1942-இல் பாட்டையா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். நம் தெருப் பெரிய வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, மரவைப் பாத்திரம் வந்தது, விருந்துக்குக் கவுனி அரிசி வந்தது. ஒரு பர்மியரின் பெயரைச் சொல்லி யாரும் ஏங்கி நான் கேட்டதில்லை, பாட்டையா ஒருவரைத் தவிர. வசூலுக்குப் போன பர்மியர் வீட்டு வாசலில் கணக்கர் உட்கார்ந்து பேசும் நேரத்தில் இவர் கொல்லைப்பக்கம் போய் அந்த வீட்டுப் பெண்கள் கொடுத்ததைச் சாப்பிட்டவர். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் கன்னியர் மடம் ஒரு கிட்டங்கியாகிவிடக் கூடாது, அம்மா. தமிழ்ச் சகோதரிகள் மூவர் அடுக்களையில் கூடிவிட்டால் மலகாசிச் சகோதரி பேசாமல் எழுந்து போய்விடுகிறார் என்று நீ போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அவர் ஏன் எழுந்து போகிறார் என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உணவு மேசையில் அவருக்குத் தெரியாத மொழி பேசுவதில்லை என்று உங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசாமல் இருக்க முடியவில்லை என்றால், மாலையில் தோட்டத்தில் நடந்துகொண்டு பேசலாம்.

சந்தையில் உன்னைக் 'கரானா' என்று அழைத்தது உனக்கு வலித்திருக்கிறது. குஜராத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே கப்பலேறிப் போய்க் கடை வைத்தவர்களின் வழிவந்தோரை அந்த நாட்டில் அப்படிச் சொல்கிறார்கள் என்று நீயே விளக்கியிருந்தாய். கடைக்காரனிடம் ஏழைக்கு இருக்கும் மனத்தாங்கல் எத்தகையது என்பது செட்டிநாட்டில் வளர்ந்த நமக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தராசும் கல்லாப்பெட்டியும் நினைவுக்கு வந்தால், அந்த நினைவு உண்டானதில் உனக்குப் பங்கில்லை. ஆனால் அதை மாற்றும் பொறுப்பு உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாதாடாதே. அந்தப் பெண்ணிடமே அடுத்த வாரமும் கீரை வாங்கு. அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேள்.

சாப்பாட்டைப் பற்றி உன் அம்மாவுக்கு இருந்த கவலை பாதி தீர்ந்தது. மூன்று வேளையும் சோறு உண்ணும் நாடு அது. அந்தப் பகுதியின் பெட்சிலியோ மக்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிக்கும் திறமையை நீ அனுப்பிய படங்களில் பார்த்து அப்பத்தா வியந்துபோனார்கள். சோறாக்கிய பானையின் அடிக்காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது, "நம்மைப் போல அரிசியை வீணாக்காத சனம்" என்று சொன்னார்கள். காரம் இல்லை என்பது ஒரு குறைதான். அதற்காக உன் தட்டில் மட்டும் பொடியைத் தூவிக்கொள்ளாதே. மற்றவர் வீட்டுக்குப் போகும்போது கைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டு போகவே கூடாது. அவர்கள் மிளகாயைத் தனியாக அரைத்து வைப்பார்களாமே, அதை எடுத்துக்கொள்.

ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் விலக்குகள் மாறுகின்றன என்றாய். ஓரிடத்தில் பன்றி இறைச்சி ஆகாது. கல்லறையை விரல் நீட்டிச் சுட்டக் கூடாது. பெரியவர்கள் முன்னால் கடந்து போகும்போது குனிந்து, கையைத் தாழ நீட்டி, மன்னிப்புக் கேட்டபடி போக வேண்டும். இவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள். எந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பும் உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டு போ.

முன்னோரின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத்துணி சுற்றி, ஆடிப்பாடி மீண்டும் வைக்கும் சடங்குக்கு இந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டில் அழைத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அங்கே கத்தோலிக்கர் பலரும் இதில் கலந்துகொள்கிறார்கள் என்று நீயே எழுதியிருப்பதால், தலைமைச் சகோதரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய் வா என்பதுதான் என் எண்ணம். நம் தெருவில் நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் புத்தாடை வைத்துப் படைப்பு நடத்தி, பங்காளிகள் எல்லாம் கூடி உண்பதை நீ சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். நாமும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவர்களோடு பேசிவிட்டுத்தானே வருகிறோம்? இறந்தவர்கள் நம்மை விட்டுப் போய்விடவில்லை என்று நம்புகிற மக்கள் உனக்கு அந்நியர் இல்லை. அன்று கொழுப்பு மிதக்கும் இறைச்சியோடு சோறு தருவார்கள். முடிந்த அளவு சாப்பிடு.

இனி, பயனில்லை என்று நீ எழுதியதற்கு வருகிறேன். நீ அனுப்பிய புத்தகத்தில் அருளாளர் விக்டோரியா ரசோவமனாரிவோவின் வரலாற்றைப் படித்தேன். பிரான்சோடு மூண்ட போரால் 1883-இல் கத்தோலிக்க மறைபரப்பாளர்கள் எல்லோரும் அந்த நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குரு இல்லை, பூசை இல்லை. இவர், ஓர் இல்லறப் பெண், ஆலயங்களைத் திறந்து வைக்கப் போராடி, மக்களைச் செபத்துக்குக் கூட்டி, பள்ளிகளைக் காத்தார். 1886-இல் குருக்கள் திரும்பி வந்தபோது திருச்சபை உயிரோடு இருந்தது. அவருக்கு 1989-இல் அருளாளர் பட்டம் கிடைத்ததை அந்த நாடே கொண்டாடியது. வெளியிலிருந்து போனவர்கள் இல்லாமலே நம்பிக்கையைக் காத்துக்கொண்ட மக்களிடம் நீ போயிருக்கிறாய். அவர்களுக்குக் கொடுக்க இன்னும் எதுவும் கிடைக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். நம் பக்கத்துச் சருகணியில் பிரெஞ்சு நாட்டு லெவே சாமியார் 1973-இல் மறைந்தார். இன்றும் மக்கள் அவர் கல்லறைக்குப் போய்ச் செபிக்கிறார்கள். அவர் என்னென்ன செய்தார் என்று அங்கே வரும் கிழவியைக் கேட்டால், எங்களோடு இருந்தார் என்றுதான் முதலில் சொல்வாள். இப்போது உன்னால் முடிந்தது இருப்பதுதான், இரு. பள்ளிக்கூட வேலையும் மருந்தகத்து வேலையும் அதன் பின்னால் தானாக வரும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நீ தினமும் நமக்கு இரவு எட்டு மணிக்கு அழைக்கிறாய். அங்கே அப்போது மாலை ஐந்தரை. வயலிலிருந்து திரும்பிய பெண்கள் வீட்டு முன்னால் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பேசும் நேரம் என்று நீதான் ஒரு முறை சொன்னாய். அந்த நேரத்தில் நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாய். அந்த நேரம் அவர்களுக்கு உரியது, மகளே. அவர்களோடு போய் உட்கார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு அழைத்தால் போதும். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை; பிறகு, "காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்" என்றாள். அதை எழுதிவிட்டேன்.

இட்லிப் பொடி கேட்டிருந்தாய். உங்கள் சபையின் சகோதரி ஒருவர் செப்டம்பரில் மதுரையிலிருந்து புறப்படுகிறாராம். அவரிடம் கொடுத்து அனுப்புகிறோம், நான்கு சகோதரிகளுக்கும் சேர்த்து. கம்பளிக் காலுறையும் உனக்கு மாற்றுக் கண்ணாடியும் அதே பையில் இருக்கும். கண்ணாடியின் பவர் மாறியிருந்தால் இந்த மாதத்துக்குள் எழுது.

அன்புள்ள,
அப்பா