நான்கு மதகுருக்களும் நம் படகு ஜாக்கெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் டார்செஸ்டர் என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பலோடு மூழ்கிய நான்கு ராணுவ மதகுருக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நான்கு பேர் தங்கள் உயிர்காக்கும் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள், நான்கு உயிர் பிழைத்தது என்ற அளவில் கட்டுரை முடிந்துவிட்டது. அன்றிரவு ஜாக்கெட் போட்டிருந்தவர்களே நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தார்கள். அது ஏன் என்று தெரிந்தால்தான் அந்த நால்வர் செய்ததன் கனம் புரியும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது கூடுதலாகவே தேவைப்படும்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் மெதடிஸ்ட் போதகர். முதல் உலகப் போரில் மருத்துவப் பிரிவில் இருந்து பதக்கம் பெற்றவர். அலெக்சாண்டர் கூட் யூத ரபி, முனைவர் பட்டம் பெற்றவர். கிளார்க் போலிங் சீர்திருத்த சபைக்காரர், ஜான் வாஷிங்டன் கத்தோலிக்கக் குரு. நால்வரும் லெப்டினென்ட் பதவியில் இருந்தாலும் ஆயுதம் ஏந்தாதவர்கள். நம் ராணுவத்தில் பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று நாயப் சுபேதார் பதவியில் சேரும் மத ஆசிரியர்களுக்கும் அடக்கம் செய்வது, மருத்துவமனையில் கிடப்பவர்களைப் பார்ப்பது, தண்டனையில் இருப்பவர்களிடம் பேசுவது ஆகியவைதான் வேலை.

1943 பிப்ரவரி 3, பின்னிரவு 12.55 மணி. கப்பல் கிரீன்லாந்து தளத்தை நெருங்க இன்னும் சுமார் 150 மைல். உள்ளே 902 பேர். நீர்மூழ்கி நடமாட்டம் தெரிந்ததால், உடுப்போடும் ஜாக்கெட்டோடும்தான் படுக்க வேண்டும் என்று கேப்டன் உத்தரவிட்டிருந்தார். கீழ்த்தளத்தில் எஞ்சின் சூடு. புழுக்கம் தாங்காமல் பலர் கழற்றி வைத்துவிட்டார்கள். டார்பிடோ தாக்கியதும் மின்சாரம் போனது. இருட்டில் மேலே ஓடி வந்தவர்களில் பலரிடம் ஜாக்கெட் இல்லை. மதகுருக்கள் சேமிப்புப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். அது தீர்ந்த பிறகே தங்களுடையதைக் கழற்றினார்கள். பதறி நின்றவர்களைப் படகுப் பக்கம் திருப்பிவிட்டதும் அவர்கள்தான். சுமார் இருபது நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. பிழைத்தவர்கள் 230 பேர்.

கடல் நீர் உறைநிலைக்கு ஓரிரு டிகிரிதான் மேலே. அந்தக் குளிரில் முதல் நிமிடம் மூச்சு கட்டுப்படாமல் வாங்கும். அப்போதே தண்ணீர் குடித்துச் சாகலாம். பத்து நிமிடத்தில் விரல் மடங்காது, வாரைக் கட்ட முடியாது, கயிற்றைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். ஆகவே மேல்தளத்தில் நின்று மாட்டிக்கொண்டவனுக்குத்தான் ஜாக்கெட் உதவும். ரபி கூட் ஒரு வீரருக்குத் தன் கையுறையைக் கொடுத்தார். அந்த வீரர் உயிர்ப்படகைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தது அந்தக் கையுறையால்தான். கட்டுரையில் இது வரவேயில்லை! எஸ்கனாபா என்ற காவல் கப்பலின் ஆட்கள் கயிறு வீசிப் பயனில்லை என்று அறிந்து, ரப்பர் உடையில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தாங்களே தண்ணீரில் இறங்கி 133 பேரைத் தூக்கினார்கள். மற்ற 97 பேரை மீட்டது கொமாஞ்சி என்ற கப்பல்.

அமெரிக்க ராணுவத்தின் மிக உயரிய பதக்கம் எதிரியோடு நேருக்கு நேர் மோதியவர்களுக்குத்தான் என்று விதி. அதனால் இவர்களுக்கென்றே தனிப் பதக்கம் செய்து 1961இல் கொடுத்தார்கள். விதி எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வீரம் தோன்றவில்லை போலும்.

பாக் நீரிணையில் தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி. இங்கே குளிர் அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. முகம் மேலே இருந்தால் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். டார்செஸ்டரில் பாதி உதவிய பொருள் ராமேஸ்வரம் கடலில் முழுதாக உதவும். ஆனால் விசைப்படகுகளில் அது படகு ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் திணித்துக் கிடக்கிறது, அல்லது தலையணையாகிறது. கேட்டால் அதே பதில்: புழுக்கம். வலையை இழுக்கும் வின்ச் ஓடும்போது ஜாக்கெட்டின் வார் கயிற்றில் சிக்கும் என்பது மட்டும் நியாயமான காரணம். அப்போது கழற்றட்டும். இரவில் கடையால் (படகின் பின்புறம்) பக்கம் தனியாக ஒதுங்கப் போகிறவன் மாட்டிக்கொண்டு போகலாமே.

படுத்து நசுங்கிய ஃபோம் மிதப்பை இழக்கும். அந்தக் காலத்து இலவம்பஞ்சு ஜாக்கெட்டுக்கும் இதே சீக்குதான். வெயிலில் துணியைவிட முதலில் இற்றுப்போவது தையல் நூல். வாரின் பூட்டில் உப்பும் மணலும் ஏறினால் இருட்டில் மாட்ட முடியாது; நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். லேபிளில் மிதப்பு விசை 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவனுக்கான துணை, மயங்கியவனைப் புரட்டி முகத்தை மேலே கொண்டுவராது. 150 நியூட்டன் வாங்குங்கள். தொடையிடுக்கு வாரைக் கட்டாமல் குதித்தால் ஜாக்கெட் மேலேறித் தாடையில் இடிக்கும்; ஆள் உள்ளே நழுவுவான். சோதிக்க, கரையோரம் மார்பளவு தண்ணீரில் எல்லா வாரையும் கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் பாருங்கள். வாய் தண்ணீருக்கு மேலே நிற்காவிட்டால் அதைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களும் படகோட்டிகளும் சிலர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.