குணமான பிள்ளைகளுக்கும் கண்காணிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோயிலிருந்து மீண்ட சிறார்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை பல பெற்றோருக்குத் தெம்பளித்திருக்கும். ஆனால், சிகிச்சை முடிந்ததோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. வில்ம்ஸ் கட்டி எனும் அரிதான சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிறு வயதில் சிகிச்சை பெற்ற மகளின் தாய் என்ற முறையில், அதற்குப் பிந்தியதைப் பற்றி எழுதுகிறேன்.

பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இந்நோய் இன்று பலருக்குக் குணமாவதற்கு, அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, தேவைப்பட்டால் கதிர்வீச்சு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பதே காரணம். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. இருப்பினும், நோய் பரவிய நிலையில் சேர்க்கப்படும் டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து பல ஆண்டுகள் கழித்தும் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். நெஞ்சில் கதிர்வீச்சும் பட்டிருந்தால் அபாயம் இன்னும் கூடும். பிள்ளை ஓடியாடும்போது வெளியே ஒன்றும் தெரியாது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனை எடுத்துப் பார்த்தால்தான் தெரியவரும். வயிற்றின் ஒரு பக்கம் கதிர்வீச்சு கொடுக்கும்போது முதுகெலும்பு கோணிவிடக் கூடாதென்று முள்ளெலும்பின் முழு அகலத்துக்கும் சேர்த்தே கொடுப்பார்கள். அப்படியும் அப்பக்கத்துத் தசை மெலிந்து, முதுகு லேசாக வளையலாம். என் மகளிடம் அதை முதலில் கவனித்தவர், பினாங்கு லிட்டில் இந்தியாவில் பாவாடை தைத்துக் கொடுக்கும் அம்மா. எப்படி அளவெடுத்தாலும் கீழ்விளிம்பு ஒரு பக்கம் ஏறியே நிற்கிறதென்றார்.

பின்னர் ஒருமுறை மாதவிடாய் வலிக்காக அவள் போன தனியார் கிளினிக்கில், அறுவைச் சிகிச்சையில் ஒன்று எடுக்கப்பட்டதால் அவளுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம் என்பதை விசாரிக்காமலேயே, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்குளோஃபெனாக் மாத்திரையைக் கொடுத்தனுப்பினார்கள். கேட்காதது தவறுதான். ஆயினும் அந்த மருத்துவரிடம் காட்ட எங்களிடமும் ஒரு தாள் இல்லை. பழைய கோப்பு முழுவதும் சிறுவர் பிரிவிலேயே கிடக்கிறது.

ஆகவே, எந்தச் சிறுநீரகம் எடுக்கப்பட்டது, எந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏற்றப்பட்டது, கதிர்வீச்சு எங்கே, எத்தனை அளவு, இனி எந்தப் பரிசோதனையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, சிகிச்சை முடியும்போதே பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் அமையாதே என்று இதையெல்லாம் மூடி மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். வயிற்றில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குக் குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு போன்ற ஆபத்துகள் கூடுதல் என்பதால், கர்ப்பக்காலப் பரிசோதனையின்போதாவது அந்தத் தாள் மருத்துவர் கண்ணில் பட்டாக வேண்டும். இதுபற்றிச் சிறார் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு