கெய்ரின் பழகப் போகும் மகளுக்கு

பாலக்கோடு

அன்பு மகளுக்கு,

சைக்கிள் பந்தயத்தில், கடிகாரத்தோடு தனியாக மோதும் டைம் டிரையலை விட்டுவிட்டு, பலர் சேர்ந்து ஓட்டும் கெய்ரின் பழகச் சொல்லிவிட்டார் கோச் என்று அம்மாவிடம் அழுதாயாம். போனில் பேசினால் என் குரலும் உடைந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், கண்ணு.

பிரிட்டனின் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் வாங்கிய பதக்கங்களை நீ மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம், ஒரு வெள்ளி. எனக்கு அந்த ஆறைவிட, முதல் தங்கத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் கிடக்கிற நாலு வருஷம்தான் பெரிசு.

2004, ஏதென்ஸ். ஒரு கிலோமீட்டர் டைம் டிரையல். நின்ற இடத்திலிருந்து கிளம்பி 250 மீட்டர் டிராக்கில் நாலு சுற்று. ஹோய்தான் கடைசியாக இறங்கினார். பிரான்ஸின் அர்னோ டூர்னான் 1 நிமிடம் 0.896 விநாடியில் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹோய் 1 நிமிடம் 0.711. தங்கம். அடுத்த வருஷமே அந்தப் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கான 500 மீட்டரும் அதோடு போனது. மேடு பள்ளமான மண் பாதையில் சின்னச் சைக்கிளில் ஓட்டுகிற பிஎம்எக்ஸுக்கு இடம் வேண்டுமாம். ஹோய் சின்னப் பையனாகப் பந்தயத்துக்கு வந்ததே பிஎம்எக்ஸ் ஓட்டித்தான்! அதுவே வந்து தன் இடத்தை எடுத்துக்கொண்டால் யாருக்குத்தான் வலிக்காது?

அவருக்கும் அந்தக் கிலோமீட்டர் போட்டியைக் கைவிட மனசு வரவில்லை. 2007-ல் பொலிவியாவின் லா பாஸ் வரைக்கும் போனார். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், எதிர்ப்பு குறைவு. டூர்னான் வைத்திருந்த உலகச் சாதனை 58.875 விநாடி. ஹோய் ஓட்டியது 58.880. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். ஆனால் அதே வருஷம் கெய்ரினில் உலகப் பட்டம் வாங்கிவிட்டார் அவர்.

கிலோமீட்டரில் உனக்கு எதிரி கடிகாரம் ஒன்றுதான். கெய்ரினில் மோட்டார் வண்டி முன்னால் போய் வேகத்தை ஏற்றிக்கொண்டே வரும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் விலகிவிடும். அப்புறம் மற்றவர்களோடு முட்டி மோதவேண்டும், அதுவும் பிரேக்கும், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை உருள விடுகிற ஃப்ரீவீலும் இல்லாத சைக்கிளில். இங்கே தக்காளி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதிக்கிற பையன்களை நான் திட்டுவேனே, முன்னால் ஆள் இருந்தால் காற்று எப்படி அடங்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எப்போது அந்த மறைவை விட்டு வெளியே வருவது என்பதுதான் கெய்ரின். ஹோய் அதைத் தன் வழியில் ஓட்டினார். சீக்கிரமே முன்னால் வந்து, கடைசிவரை வேகத்தைப் பிடித்து நிற்பது. ஒரு கிலோமீட்டர் தனியாக மிதித்துப் பழகிய கால் இல்லாவிட்டால் அது நடக்காது. நீ இத்தனை வருஷம் சேர்த்தது எங்கேயும் போகாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

2008 பெய்ஜிங்கில் மூன்று தங்கம். கெய்ரின், குறுந்தூர வேகப் போட்டியான ஸ்பிரிண்ட், அணியாக ஓட்டும் டீம் ஸ்பிரிண்ட். 2012 லண்டனில் தனிநபர் ஸ்பிரிண்டுக்கு நாட்டுக்கு ஒருவர்தான் என்றாகி, அந்த இடம் அவர் அணியிலேயே இருந்த ஜேசன் கென்னிக்குப் போனது. கெய்ரின் இறுதியில் ஜெர்மனியின் லெவி கடைசிச் சுற்றில் பக்கத்தில் வந்துவிட்டார். 36 வயசு ஹோய் இன்னொரு முறை எழும்பி மிதித்தார் பார், அந்த வீடியோவை இன்று ராத்திரி பார்த்துவிட்டுத் தூங்கு. மறு வருஷம் ஓய்வு.

2024-ல் தனக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று அவரே சொன்னார். அதைப் படித்த அன்றைக்குக் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை எனக்கு.

சரி. அம்மா ராகி மாவு பார்சல் போட்டிருக்கிறாள். கெய்ரினுக்கு உனக்குக் கியரை மாற்றுவார்கள். செயின்வீலில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று கோச்சிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா